எள்ளளவு கிளிப்

ஜனவரி 5, ஞாயிறு

கீமோ வார்டு சிஸ்டர் ஆகஸ்டிலேயே கொடுத்த நோட்டு இது. "உடம்பு எப்படி இருக்குன்னு தினம் ரெண்டு வரி எழுதுங்க, டாக்டருக்கு உதவும்" என்றார். ஐந்து மாதம் வெள்ளையாகவே கிடந்தது. நாளைக்கு எட்டாவது ஊசி, கடைசி ஊசி. பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகத்தைத் திறக்கிற பழக்கம் கல்லூரியிலிருந்தே உண்டு எனக்கு.

உடம்பு: நாக்கில் ருசி இல்லை. விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. மற்றபடி ஒன்றுமில்லை.

அவியின் யூனிஃபார்மில் பட்டன் தைத்தேன். ஊசி மூன்று தடவை கைநழுவி விழுந்தது. அவி ஒவ்வொரு தடவையும் எடுத்துக் கொடுத்து, "அம்மா, உனக்கு எல்.கே.ஜி. மிஸ்ஸே பரவால்ல" என்றாள்.

ஜனவரி 6, திங்கள்

முடிந்தது. எட்டு.

ஜனவரி 11, சனி

இன்றுதான் எழுந்து உட்கார முடிந்தது. நங்கை ரசம் வைத்துவிட்டுப் போனார். நங்கை என்று நான் கூப்பிடுவது இவருடைய அக்கா ருக்குமணியை. அடுத்த தெருவில் தையல் கடை. ரசத்தோடு ஒரு மூட்டை கட்டுத்துணியும் கொண்டுவந்து பீரோ மேல் வைத்தார். "எதுக்குங்க நங்கை?" என்றேன். "கெடக்கட்டும்" என்றார். எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்று எழுதிவிடுகிறேன். என் மாமியாரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். போட்டோக்களில் அவருடைய வலது கை எப்போதும் முந்தானைக்குள் இருக்கும். அவருக்கும் இதே நோய், இதே பக்கம். அப்போதெல்லாம் மார்போடு அக்குளில் இருக்கிற நெறி, அதாவது நிணநீர் முடிச்சு, மொத்தத்தையும் வழித்து எடுத்துவிடுவார்கள். நோய் போனது, கை வீங்க ஆரம்பித்தது. பதினோரு வருஷம் வீங்கிக்கொண்டே இருந்ததாம். நங்கைதான் தினம் காலையில் தோள் வரை கட்டுத்துணி சுற்றிவிடுவார்.

எனக்கும் அக்குளில் ஒரு நெறியில் பரவியிருந்தது. ஆகஸ்டில் திருப்பூர் ஸ்கேன் சென்டரில் அந்த நெறிக்குள் எள்ளளவு டைட்டானியம் கிளிப் ஒன்றை விட்டு வைத்தார்கள். கீமோ முடியும்போது அது சுருங்கி மற்ற நெறிகளைப் போலவே ஆகிவிடும், எது கெட்டுப்போயிருந்தது என்று தெரியாது, அதற்காக அடையாளம். ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் ரங்கராஜன் அன்றே தெளிவாகச் சொல்லிவிட்டார். கிளிப் வைத்த நெறியையும், அதனோடு முதல் வரிசையில் இருக்கிற இரண்டு மூன்றையும் மட்டும் எடுத்துச் சோதிப்பார்கள். அவை சுத்தமாக இருந்தால் மீதியைத் தொட மாட்டார்கள். கிளிப் கிடைக்காவிட்டால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும்.

கம்பெனியில் பனியன் சாம்பிள்களை அளந்து அனுப்புகிற வேலை எனக்கு. வலது கை வேண்டும். எனக்குக் கவலை கையைப் பற்றி மட்டும்தான்.

ஜனவரி 13, திங்கள்

போகிக்கு வீடு ஒதுக்கினோம். கம்பெனியிலிருந்து ஏற்றுமதியில் மீந்த ஃபிராக்குகள் வந்திருப்பதாகத் தோழி சொன்னாள். அவிக்கு இப்போது நாலு வயது; ஐந்து, ஆறு, ஏழு, எட்டு வயது அளவுகளில் இரண்டிரண்டாக வாங்கி வரச் சொன்னேன். நல்ல பருத்தி, இந்த மாதிரி மறுபடி கிடைக்காது.

நங்கை எட்டு வயது ஃபிராக்கைத் தூக்கிப் பார்த்தார். "இது இன்னும் நாலு வருசத்துக்கு அப்பறம் போடறதாச்சே அம்மிணி, இப்ப எதுக்கு?"

"துணி நல்லா இருந்துச்சுங்க."

அவர் அதை மடித்து வைத்தார்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். ஒறம்பரைச் சனம் நிறைய. எல்லாரும் என் தலையைப் பார்த்துவிட்டு உடனே அவியைக் கொஞ்சினார்கள். இவருடைய சித்தி மட்டும் நேராக விஷயத்துக்கு வந்தார். டேபிள் மேல் இருந்த ஃபைலைப் பிரித்து, கிளிப் வைத்த அன்று எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமை உருவி, ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். ஹாலில் இருந்த ஆண் பெண் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். என் மார்பை. "அடப் பாவமே, இத்தனையூண்டு புள்ளைய வெச்சுக்கிட்டு" என்றார் சித்தி.

காபி கொடுத்தேன். எல்லாரும் போன பிறகு பாத்திரம் கழுவினேன்.

அவி வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்றாள். பழைய ஃபிலிம் ஒன்று இருந்தது, வெட்டிக் கொடுத்தேன். பூச்சியாக ஒரு துண்டு, அதை எடுத்த ஓட்டையோடு மீதி ஒரு துண்டு. ஓட்டை வழியாகப் பெயின்ட் அடித்தால் நோட்டு முழுக்கப் பூச்சி வரும். குழந்தைக்கு ஒரே சந்தோஷம்.

ஜனவரி 19, ஞாயிறு

நங்கை காலையிலேயே சண்டைக் குரலோடு வந்தார். பொங்கலுக்குத் துணி வெட்ட எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன கத்திரிக்கோல் மொட்டையாகிவிட்டதாம். "துணி வெட்டற கத்திரில எவ தகடு வெட்டுனது? ஜார்ஜெட்ட வெச்சா கடிச்சுக் கடிச்சு இழுக்குது!" இவர், தான் வெட்டவில்லை என்றார். நான் அவிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அவி பூச்சியைச் சமையலறை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். "அம்மா, இதுக்கு ஏன் ரெக்கைல கண்ணு இருக்குது? அதுவும் ஒரே ஒரு வெள்ளக் கண்ணு?" என்று கேட்டாள்.

சில பூச்சிகளுக்கு அப்படித்தான் என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

கோயம்புத்தூர். டாக்டர் ரங்கராஜன் தொட்டுப் பார்த்தார், கட்டி கைக்கே அகப்படவில்லை. "நல்லா கேட்டிருக்கு மருந்து" என்றார். பிப்ரவரி ஆறு, வியாழக்கிழமை ஆபரேஷன். மார்பை எடுக்க வேண்டாம், கட்டி இருந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதுமாம்.

முதல் வரிசை நெறிகளை எப்படி அடையாளம் காண்பீர்கள் என்று இவர் கேட்டார். மார்புக்குள் ஒரு நீலச் சாயத்தைப் போடுவார்களாம். அது தானாக வழிந்து, அக்குளில் எந்த நெறிக்கு முதலில் போகிறதோ அது நீலமாகும். நோய் போவதாக இருந்தாலும் அந்த வழியில்தான் முதலில் போகும்.

"என்ன சாயமுங்க சார்? மெத்திலீன் ப்ளூவா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"சாயப்பட்டறை லேப்ல இருக்கறனுங்க. பதினாலு வருசம்."

அதற்கப்புறம் என்னை மறந்துவிட்டு இருவரும் சாயம் எவ்வளவு நேரத்தில் ஏறும், எதில் பிடிக்கும், எதில் பிடிக்காது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு நாளைக்கு யூரின் பச்சையா நீலமா போகும், பயந்துடாதீங்க" என்று கடைசியில் என் பக்கம் திரும்பினார் டாக்டர். வரும் வழியெல்லாம் இவர் முகத்தில் ஒரு தெளிச்சி. ஆறு மாதமாக இவருக்குத் தெரியாத பாஷையிலேயே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்றுதான் ஒரு வார்த்தை தெரிந்த வார்த்தையாக வந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஆபரேஷனுக்கு முன் கிளிப் எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்து வைத்துக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்கேன் டாக்டர் மெஹர்நிஷா. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, ஸ்டூலைக் காலாலேயே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வலது கையத் தூக்கித் தலைக்குப் பின்னாடி வைங்கம்மா. ஜெல் சில்லுன்னு இருக்கும், என்னைத் திட்டாதீங்க."

திரையை என் பக்கம் திருப்பினார். எந்த டாக்டரும் இதுவரை திருப்பியதில்லை. சாம்பல் மேகத்துக்குள் அவரை விதை மாதிரி ஒன்று. "இதுதான் உங்க நெறி. சுத்தி கறுப்பு வளையம், நடுவுல வெள்ளை. இந்தா இன்னொன்னு. அங்க ஒன்னு. எல்லாம் நல்ல பிள்ளைங்க." கருவியை இன்னும் மேலே நகர்த்தினார். "எல்லாமே நல்ல பிள்ளையா இருக்கறதுதான் இப்பப் பிரச்சனை. இதுல எவன் பழைய கெட்ட பையன்னு தெரியணும்."

நாற்பது நிமிஷம். மேலே, கீழே, அழுத்தி, அழுத்தாமல். கை மரத்துப்போனது. பிறகு மார்பு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். மார்பில் கட்டி இருந்த இடத்திலும் ஆகஸ்டிலேயே ஒரு கிளிப் வைத்திருந்தார்கள், அது பளிச்சென்று தெரிந்தது. அக்குள் கிளிப் படத்துக்குள்ளேயே வரவில்லை. நெறி சுருங்கினதில் மேலே ஏறிப் போயிருக்கலாமாம்.

டாக்டர் ஃபைலைக் கேட்டார். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மறுபடி புரட்டினார். "கிளிப் வெச்ச அன்னிக்கு ஒரு ஃபிலிம் எடுத்திருப்பாங்களே. அது எங்க?"

இவர் என்னைப் பார்த்தார். "வீட்டுல இருக்கும் டாக்டர்" என்றேன்.

திருப்பூர் சென்டருக்கு அவரே போன் போட்டார். மூன்று மாதத்துக்கு மேல் அவர்கள் கம்ப்யூட்டரில் வைத்திருப்பதில்லையாம். "செரி, நாளைக்குக் கொண்டாங்க. சி.டி. ஸ்கேனும் இருக்கு, வேணும்னா எடுப்போம். ஆனா அந்தப் படம் இருந்தா எந்த மூலையில தேடணும்னு தெரிஞ்சுடும்."

"கிளிப் கிடைக்கலேன்னா டாக்டர்?"

அவர் என் தோளில் இருந்த ஜெல்லை அவரே துடைத்தார். "ரங்கராஜன் சார் சொல்லியிருக்காருல்ல" என்றார் மெதுவாக.

காரில் இவர் கேட்டார். "ஃபிலிம் எங்க வாணி?"

"பீரோவுல."

பீரோவில்தான் இருந்தது, ஒறம்பரை போனதும் ஃபைலில் வைக்காமல் நானே அங்கே வைத்தேன். ஜனவரி 16 சாயங்காலம் வரை இருந்தது.

பிப்ரவரி 5, புதன்

இதை முழுசாக எழுத வேண்டும்.

காலையில் இவர் பீரோவை மூன்று தடவை காலி செய்தார். சேலைகளெல்லாம் கட்டிலில். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். நங்கை அவிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார்.

"காலங்காத்தால என்னத்தத் தேடறான்?"

"கிளிப் வெச்ச அன்னிக்கு எடுத்த ஃபிலிமுங்க நங்கை. அது இருந்தாத்தான் டாக்டரால..." தோசையைத் திருப்பினேன். ஏற்கெனவே திருப்பின தோசை.

சீப்பு நின்றது. நங்கை ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து போய்ப் பூச்சியின் ஓரத்தை நகத்தால் பெயர்த்து எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். வெட்டின விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். முப்பது வருஷம் துணி வெட்டின விரல்.

"நவநீதா, பீரோவ மூடு. இங்க இருக்குது."

அவி கத்த ஆரம்பித்தாள். "என்ற பூச்சி! அத்தை, என்ற பூச்சி!"

ஓட்டை உள்ள மீதித் துண்டு அவியின் பெயின்ட் டப்பாவில் கிடந்தது, மஞ்சளும் ஊதாவும் அப்பிக்கொண்டு. நங்கை சோப்புப் போடப் போனார். "தேய்க்காதக்கா, மேல இருக்கற படலமே போயிரும்" என்று இவர் பிடுங்கிக்கொண்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, பஞ்சால் ஒற்றி ஒற்றி, ஒரு பக்கமாகவே இழுத்து, கறையை எடுத்தார். பட்டறையில் இப்படித்தான் வேலை செய்வார் போலிருக்கிறது. எட்டு வருஷத்தில் இன்றுதான் பார்த்தேன்.

படம் வந்த பிறகுதான் நிமிர்ந்தார். "யாரு வெட்டுனது?"

நான் வாயைத் திறந்தேன்.

"நாந்தேன்" என்றார் நங்கை. "ப்ளவுஸ் கழுத்துக்கு அச்சு வேணும்னு எடுத்தேன். பொறவு புள்ளைக்குப் பூச்சியாச் செஞ்சு குடுத்துட்டேன். பழசுன்னு நெனச்சேன்."

இவர் அக்காவைத் திட்டி நான் கேட்டதில்லை. இன்று திட்டினார். படிக்காதவள் என்றார். நம் அம்மா கதியே இவளுக்கும் வரட்டும் என்றா இருக்கிறாய் என்றார். கடைசிச் சொல்லில் இவருக்கே குரல் உடைந்துவிட்டது. நங்கை சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டார். "செரி, திட்டி முடிச்சியா? காரெடு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் மெஹர்நிஷா முதலில் ஓட்டைத் துண்டை விளக்குப் பெட்டியில் வைத்தார். பிறகு பூச்சியைக் கையில் எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பி, ஓட்டைக்குள் பொருத்தினார். சின்னச் சத்தத்தோடு உட்கார்ந்தது. படம் முழுசாகிவிட்டது. இடது இறக்கையின் நுனியில் வெள்ளையாய் எள்ளளவு ஒரு கோடு. அதற்குப் பக்கத்தில் மார்புத் தசையின் விளிம்பு.

"அட" என்றார் டாக்டர். "தசைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சிருக்கான். நேத்து நான் கையத் தூக்கச் சொல்லித் தூக்கச் சொல்லி, தசைய இழுத்து நானே மறைச்சிருக்கேன்." உடனே என்னைப் படுக்க வைத்தார். "கையத் தூக்காதீங்க. இடுப்புல வைங்க. சண்டைக்கு நிக்கற மாதிரி."

வைத்தேன். கருவியைத் தசை ஓரத்தில் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு நூல் ஒரு நூலாக நகர்த்தினார். நானும் மூச்சு விடவில்லை. சாம்பலுக்குள் ஒரு குட்டி விதை. அதன் நடுவில் சிமிட்டுகிற ஒரு துளி வெளிச்சம்.

"சலாம் தம்பி" என்றார் திரையைப் பார்த்து.

நான் அழுதேன் என்று எழுத வேண்டாம். ஜெல் கண்ணில் பட்டுவிட்டது.

வெளியே வந்து நங்கையைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார் டாக்டர். "ஏம்மா, ஆஸ்பத்திரி ஃபிலிம்ல போய்ப் பூச்சி வெட்டுவாங்களா?"

"தப்புத்தானுங்க டாக்டரம்மா. இனி வெட்ட மாட்டனுங்."

நான் ரவிக்கைக் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து கொக்கிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவு நேரமும் மாட்டினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து அவியுடையது போல இருக்கிறது. நேற்று நடந்தது இது.

காலை ஏழு மணிக்கு மறுபடி டாக்டர் மெஹர்நிஷாவின் அறை. ஆபரேஷனுக்கு முன் கிளிப் வரை ஒரு மெல்லிய கம்பியை விட்டு வைக்க வேண்டும். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய் ரங்கராஜன் சார் சரியாக அந்த நெறியை மட்டும் எடுப்பார். மரத்துப்போக ஊசி போட்டார். விளக்கை அணைத்தார். திரை வெளிச்சம் மட்டும்.

"டாக்டர்."

"சொல்லுங்க."

"அந்த ஃபிலிம வெட்டினது நங்கை இல்ல. நான்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன் வெட்டினீங்க?"

"எல்லாரும் பாத்தாங்க."

கருவியில் இன்னும் கொஞ்சம் ஜெல் தடவினார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன்" என்றார் பிறகு. "ரிப்போர்ட்ட எரிச்சவங்க இருக்காங்க. கிழிச்சுக் குப்பையில போட்டவங்க இருக்காங்க. ஒருத்தர் நொய்யல் ஆத்துல விட்டுட்டு வந்து எனக்கே போன் பண்ணினார். பூச்சி செஞ்சவங்கள இப்பத்தான் பாக்கறேன்." கருவியைச் சாய்த்தார். "அந்த அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நினைக்கறேன்."

"வீட்டுக்காரருக்கு?"

நான் திரையைப் பார்த்தேன்.

"இப்ப அசையாதீங்க. பேசவும் பேசாதீங்க."

திரையில் ஊசி ஒரு வெள்ளைக் கீற்றாக நுழைந்தது. அவ்வளவு இருட்டில், அவ்வளவு சின்ன இடத்தில், பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்த ரத்தக் குழாயைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, தசையின் ஓரமாகவே போய், அந்தத் துளி வெளிச்சத்தில் நின்றது. நானும் அளவு பார்க்கிற வேலைக்காரிதான். அரை இஞ்சு தவறினால் மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்புகிறவள். இந்தக் கையில் குறை பிடிக்க எனக்கு வேலை இல்லை. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அதற்குப் பிறகு மயக்க மருந்து.

சாயங்காலம் டாக்டர் மெஹர்நிஷா வார்டுக்கே வந்து போனில் ஒரு படம் காட்டினார். எடுத்த நெறியைத் தியேட்டரிலிருந்து நேராக அவரிடம் கீழே அனுப்பி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். ஒரு குட்டி விதை, அதற்குள் கம்பி நுனி, அதை ஒட்டி எள்ளளவு கிளிப். "உள்ள இருக்குன்னு நான் போன் பண்ணின அப்பறம்தான் சார் அடுத்த வேலையத் தொட்டார்." அந்த நெறியும் நீலமாகவே இருந்ததாம், சாயமும் அதே வழியில்தான் போயிருக்கிறது. அதனோடு இன்னும் மூன்று. ஆக நான்கு. முடிவு தெரிய எட்டு ஒன்பது நாள் ஆகும்.

தழும்பு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

பிப்ரவரி 8, சனி

நீலமாகத்தான் போகிறது. இவரிடம் சொன்னேன். என்ன ஷேடு என்று கேட்டார்.

பிப்ரவரி 10, திங்கள்

வீட்டுக்கு வந்தாயிற்று. பக்கவாட்டில் ஒரு குழாயும் குட்டி டப்பாவும் தொங்குகின்றன. அவி அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள், ஜூஸ்.

மத்தியானம் இவரிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவர் கையில் இருந்த சட்டையை மடித்து முடித்தார். "அன்னைக்கு நீ காபி போடப் போனப்பவே சித்தி கைலருந்து நாந்தான் அதப் புடுங்கியிருக்கணும்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து நங்கை வந்தார். "உன்ற புருசனுக்கு என்னாச்சு? கடைக்கு வந்து வாயே தொறக்காம என்ற கத்திரிய எடுத்துட்டுப் போயி சாணை புடிச்சுக் குடுத்துட்டுப் போறான்?"

"நான் சொல்லிட்டனுங்க நங்கை."

"எதுக்குச் சொன்ன? நானா கேட்டேன்?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து குழாய் டப்பாவைத் தூக்கி அளவு பார்த்தார். "அம்மாவும் ஒருநா கட்டுத்துணி அம்புட்டையும் அடுப்புல போட்டுருச்சு. நாந்தேன் பூனை இழுத்துட்டுப் போச்சுன்னு அப்பாகிட்டச் சொன்னேன்."

"மாமா நம்பினாருங்களா?"

"எங்க ஊட்டுல பூனையே இல்ல."

இருவரும் சிரித்தோம். சிரித்தால் தையல் இழுக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

காத்திருக்கிறோம். அவிக்குச் சளி.

பிப்ரவரி 13, வியாழன்

காத்திருக்கிறோம்.

பிப்ரவரி 15, சனி

டாக்டர் ரங்கராஜன் ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். இவர் என் இடது கையைப் பிடித்திருந்தார், வலியெடுக்கிற மாதிரி. கட்டி இருந்த இடம் சுத்தம். கிளிப் வைத்த நெறியில் நோய் இருந்து ஆறின தழும்பு மட்டும், உயிருள்ள கான்சர் செல் இல்லை. மற்ற மூன்றிலும் ஒன்றும் இல்லை.

"அப்ப மீதி நெறிங்க சார்?" என்று கேட்டார் இவர்.

"அதெல்லாம் அவங்களோடது. அவங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார் டாக்டர். ரேடியேஷன் உண்டு, மார்ச் பதினேழிலிருந்து. மாத்திரை உண்டு, வருஷக்கணக்கில். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வர வேண்டும். கை வீக்கம் வரவே வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் வாய்ப்பு ரொம்பக் குறைவு என்றார். உள்ளதை உள்ளபடி சொல்கிறவர்.

ஸ்கேன் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். டாக்டர் மெஹர்நிஷா வேறு ஒரு பெண்ணுக்குத் திரையைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்யவில்லை. ரிப்போர்ட்டின் நகல் ஒன்றை மட்டும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் ஃபிராக்குகளை எடுத்துப் பார்த்தேன். ஐந்து வயது அளவை வைத்துக்கொண்டு, மற்றவற்றைத் தோழியின் பெண்களுக்குக் கொடுத்துவிடலாம். அவிக்கு எட்டு வயது ஆகும்போது என்ன நிறம் பிடிக்கும் என்று இப்போது எப்படித் தெரியும்? அப்போது அவளைக் கூட்டிக்கொண்டுபோய் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

ரேடியேஷனுக்குப் போக முன்பக்கம் திறக்கிற, தொளதொளப்பான ப்ளவுஸ் இரண்டு வேண்டும். நங்கை கடைக்கே போனேன். ஞாயிற்றுக்கிழமை, மெஷின்கள் எல்லாம் துணி மூடிக் கிடந்தன. அவி கீழே உட்கார்ந்து வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நங்கை இடது கையை அளந்தார். பதினொன்று. வலது கைக்கு வந்தபோது டேப்பைச் சுற்றிவிட்டு உடனே படிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டேப்பை எடுத்துவிட்டு மறுபடி சுற்றினார். முழங்கைக்கு மேலே ஒரு தடவை, இன்னும் மேலே ஒரு தடவை.

"பதினொண்ணேகால்" என்றார்.

"கால் இஞ்சு பரவால்லைங்க நங்கை. வலது கை கொஞ்சம் எச்சாத்தான் இருக்கும், உடற்பயிற்சி சொல்லிக் குடுக்கற மேடமும் சொன்னாங்க. எங்க கம்பெனியிலயும் கால் இஞ்சு பாஸ்."

அவர் கேட்ட மாதிரி தெரியவில்லை. துணியை டேபிளில் விரித்துத் தடவிக்கொண்டே பேசினார். என்னிடம் இதை அவர் சொன்னதே இல்லை.

"அம்மாவுக்குக் கடைசியாத் தெச்ச ப்ளவுஸுல இடது கை பதினொண்ணு. வலது கை பத்தொம்போது. தனித்தனியாத்தான் வெட்டணும். ரெண்டு கையும் டேபிள்ல கெடந்தா ஒருத்தரோடதுன்னே சொல்ல முடியாது. அம்மா தூங்குனதுக்கப்பறம்தான் வெட்டுவேன். பாத்துரும்னு."

சாக்கட்டியை எடுத்தார். கொஞ்ச நேரம் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவி தலையைத் தூக்கி, "வெட்டுங்க அத்தை" என்றாள்.

"வெட்டறேன் சாமி."

துணியை இரண்டாக மடித்தார். விளிம்போடு விளிம்பு சேர்த்து நீவி, ஒரே கோடு போட்டு, இரண்டு கையையும் ஒன்றாக வெட்டினார்.